ஸ்பெல்ஜாமர் பெட்டியை வாங்கலாமா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புக்கு 2022-இல் வந்த ஸ்பெல்ஜாமர் பெட்டியை வாங்க நினைக்கிறேன். பழைய ஆட்கள் கரித்துக் கொட்டுகிறார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். என் குழுவில் நான்கு பேர், யாருமே பழைய ஸ்பெல்ஜாமரைப் பார்த்ததில்லை. எங்களுக்கு இது திருப்தியாக இருக்குமா?"

உங்கள் நான்கு பேருக்கும் பிடிக்கும். டிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிறவராக உட்காரப்போகிற உங்களுக்குத்தான் எரிச்சல் வரும். சாப்பிட வருகிறவர்களுக்கு இலை நிறையப் பரிமாறிவிட்டு, சமைக்கிறவருக்கு மட்டும் சாமான் பற்றாமல் விட்டது போன்ற பெட்டி இது. இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறது. ஒருவர் பந்தியிலிருந்து பேசுகிறார், மற்றவர் அடுப்படியிலிருந்து பேசுகிறார்.

ஏன் என்று புரிய, பழையதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்பெல்ஜாமர் முதலில் வந்தது 1989-இல். அப்போது இந்த விளையாட்டை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தின் வெளியீடு, வடிவமைத்தவர் ஜெஃப் க்ரப். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், கிரேஹாக், டிராகன்லான்ஸ் என்று தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்த உலகங்களுக்கு நடுவே கப்பல் விடலாம் என்பதுதான் எண்ணம். ராக்கெட் கிடையாது. பாய்மரமும் மேல்தளமும் கவண் பொறிகளும் உள்ள மரக்கப்பல். தட்டான்பூச்சி மாதிரி, கணவாய் மாதிரி, நத்தை ஓடு மாதிரி விதவிதமான உருவங்கள். ஹெல்ம் என்ற மந்திர நாற்காலியில் மந்திரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் கப்பல் வானில் ஓடும். ஒரு நாளைக்குப் பத்துக் கோடி மைல். நம் பூமியிலிருந்து சூரியனுக்கு ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைல்தான் என்பதால், காலையில் கிளம்பினால் மறுநாள் காலைக்குள் சூரியனைத் தாண்டியிருக்கலாம்.

அந்த உலகத்தின் இயற்பியல்தான் அதன் அழகு. ஒவ்வொரு சூரியக் குடும்பமும் ஒரு பிரம்மாண்டமான பளிங்குக் கோளத்துக்குள் அடைபட்டிருக்கும். கோளங்களுக்கு வெளியே ஃப்ளோஜிஸ்டன் என்ற பல வண்ணப் பெருக்கு ஓடும். தாலமி காலத்து வானியலிலிருந்து கோளத்தை எடுத்தார்கள். லவாசியே வந்து தவறென்று காட்டும்வரை, பொருள்கள் எரிவதற்குக் காரணம் இதுதான் என்று 18ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் நம்பிய ஃப்ளோஜிஸ்டனையும் எடுத்துக்கொண்டார்கள். விஞ்ஞானம் குப்பையில் போட்ட இரண்டு கருத்துகளை எடுத்து ஒரு வானத்தையே கட்டிவிட்டார்கள். எனக்கு இந்த விளையாட்டுலகில் மிகவும் பிடித்த கற்பனைகளில் இது ஒன்று.

ஃப்ளோஜிஸ்டன் பயங்கரமாக எரியும். அதற்குள் போகும்போது அடுப்புக்கூடப் பற்றவைக்க முடியாது. உங்கள் மந்திரவாதி வழக்கம்போல் ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை மந்திரத்தைப் போட்டால் எதிரிக்கு முன்னால் அவரே வெந்துபோவார். அங்கே தெய்வங்களின் கை எட்டாது என்பதால் பூசாரிப் பாத்திரங்களுக்குப் பெரிய மந்திரங்கள் திரும்பக் கிடைக்காது. ஹெல்மில் உட்கார்ந்தவருக்கோ அன்றைய மந்திரம் மொத்தமும் போய்விடும். நன்றாகக் கவனியுங்கள், இது வெறும் விதி இல்லை. குழுவில் ஒரே மந்திரவாதி இருந்தால், அவரை எஞ்சினாக வைத்துக்கொள்வதா, பீரங்கியாக வைத்துக்கொள்வதா? துரத்தி வருகிற கப்பலிடமிருந்து தப்புவதா, நின்று சண்டை போடுவதா? ஒரே ஒரு விதியால் ஒவ்வொரு செஷனிலும் ஒரு வாக்குவாதம் பிறந்தது.

காற்றும் அப்படித்தான். எந்தப் பொருளும் விண்வெளிக்குப் போகும்போது தன்னைச் சுற்றிக் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு போகும். கப்பல் பெரிதானால் காற்றும் அதிகம். எத்தனை டன் கப்பல், எத்தனை ஆள் என்று பார்த்து எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும். நியோகிகள் என்று ஒரு கூட்டம் உண்டு, விலாங்குத் தலையும் சிலந்தி உடலுமாக இருக்கும் அடிமை வியாபாரிகள். அவர்களுடைய கப்பலைப் பிடித்து முப்பது அடிமைகளை விடுவித்தால், சபாஷ், நல்ல காரியம். ஆனால் அந்த முப்பது பேரும் மூச்சு விடுவார்களே?

சரி, அந்தப் பழைய பெட்டி குறையே இல்லாததா? இல்லவே இல்லை. கப்பல் சண்டை அறுகோணக் கட்டங்களில் நடக்கும். திரும்பும் திறனுக்கு ஒரு தரம், வேகத்துக்கு ஒரு எண் என்று கணக்குப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். நகைச்சுவை சில இடங்களில் கைமீறிப் போனது. ராட்சத விண்வெளி வெள்ளெலி என்ற மிருகத்தை வைத்துக்கொண்டு சீரியஸான கதை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ரெல்ம்ஸ் ரசிகர்களில் ஒரு பகுதியினர், எங்கள் உலகத்தை ஒரு பஸ் ஸ்டாப் ஆக்கிவிட்டார்கள் என்று குறைப்பட்டதும் உண்டு. 1993-உடன் அந்த வரிசை நின்றுபோனது. அப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷம், 2002-இல் பத்திரிகையில் வந்த ஒரு சிறு மறுவடிவம் தவிர, ரசிகர்கள்தான் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் காத்திருந்தவரின் பசி எப்படி இருக்கும்? பழைய ஆட்களின் கோபத்தில் பாதி அந்தப் பசிதான்.

இனி 2022. ஆகஸ்டில் வந்த பெட்டியில் மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் 64 பக்கம். ஒன்று விதிகளும் உலகமும், ஒன்று மிருகங்கள், ஒன்று சாகசக் கதை. கூடவே டிஎம் மறைப்புத் தட்டியும் ஒரு பெரிய வரைபடமும். வந்தபோது விலை எழுபது டாலர். பளிங்குக் கோளம் போய்விட்டது. ஃப்ளோஜிஸ்டனும் போய்விட்டது. அந்த இடத்தில் ஐந்தாம் பதிப்பில் ஏற்கெனவே இருந்த ஆஸ்ட்ரல் பிளேன் என்ற வேற்றுலக வெளி, ஆஸ்ட்ரல் கடல் என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெள்ளி நிறக் கடல். அதற்குள் இருக்கும்வரை வயதாகாது, பசிக்காது. பார்க்க அழகு. ஆனால் நெருப்புக்குப் பயந்து பட்டினியாகப் போன பயணத்துக்குப் பதிலாக, பசியே இல்லாத பயணம்!

ஹெல்மில் உட்கார்ந்தாலும் இப்போது மந்திரம் குறைவதில்லை. காற்று 120 நாள் புதிதாக இருக்கும், அதற்குமேல் இன்னொரு 120 நாள் கெட்டுப்போன காற்றிலும் ஓட்டலாம். ஒரு நாளைக்குப் பத்துக் கோடி மைல் ஓடுகிற கப்பலுக்கு 120 நாள் என்பது கட்டுப்பாடே இல்லை. எந்தக் குழுவும் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. புதிய வடிவமைப்பாளர்கள் தொல்லைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், நல்ல எண்ணத்தில்தான். புதியவர்களுக்கு எளிதாக இருக்க வேண்டும், யாரும் ஹெல்மில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் இங்கே கதையே அந்தத் தொல்லைகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பளிங்குக் கோளம் போனதற்கு நான் அழவில்லை. அது வெறும் பின்னணி, வேண்டுமானால் நானே திரும்ப வைத்துக்கொள்வேன். ஹெல்மின் விலை போனதுதான் என் வருத்தம்.

கப்பல் சண்டைக்கு வருவோம், எல்லாரும் திட்டுவது இதைத்தான். பதினாறு கப்பல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அருமையான தள வரைபடம், கவசம், ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்), ஆயுதங்கள். ஆனால் கப்பலும் கப்பலும் மோதினால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. ஸ்க்விட் ஷிப் என்ற கணவாய்க் கப்பலை எடுத்துக்கொள்வோம். 300 ஹிட் பாயிண்ட். ஒரே அடியில் 15-க்குக் குறைவாகச் சேதம் வந்தால் கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. பாலிஸ்டா என்ற பெரிய வில் தருவது மூன்று பத்துமுகப் பகடை, சராசரி பதினாறரை. எல்லா அம்பும் பட்டு, ஒன்றுகூட வீணாகாமல் இருந்தாலும் பத்தொன்பது அம்பு வேண்டும். நிஜத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் படும், பட்டதிலும் மூன்றில் ஒரு பங்கு 15-ஐத் தொடாது. அதோடு அம்பைப் பூட்ட ஓர் ஆக்‌ஷன், குறிவைக்க ஓர் ஆக்‌ஷன், விட ஓர் ஆக்‌ஷன். ஒரு ரவுண்டில், அதாவது ஒரு சுற்றில், ஒருவருக்கு ஒரு செயல்தான் என்பதால், மூன்று பேர் நின்று வேலை செய்தால்தான் ஒரு ரவுண்டுக்கு ஓர் அம்பு.

நான் இதைக் கணக்குப் பார்க்காமல் மேசைக்குக் கொண்டுபோனேன், என் தப்பு. கப்பல்களைப் பக்கத்தில் கொண்டுவந்து சண்டையை ஆரம்பியுங்கள் என்று புத்தகமே சொல்கிறது. நான்தான் படத்தில் பார்ப்பது மாதிரி தூரத்திலிருந்து அம்பு மழை என்று ஆசைப்பட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, திருடன் பாத்திரம் ஆடுகிறவர் "அண்ணா, நான் இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார். கையில் இரண்டு கத்தி, முன்னால் நானூறு அடி வெட்டவெளி. பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ரவுண்டில் எதிரிக் கப்பல் வந்து மோதிவிட்டது என்று அறிவித்துவிட்டு, எல்லாரையும் கயிற்றில் தொங்கி அந்தப் பக்கம் தாவ விட்டேன். அங்கிருந்து செஷன் களைகட்டியது.

அதாவது, இந்தப் பெட்டியின் பார்வையில் கப்பல் என்பது ஆயுதம் அல்ல, மிதக்கும் சண்டைக்களம். அப்படி எடுத்துக்கொண்டால் விதிகள் போதும். ஆனால் உறையில் விண்வெளிக் கப்பலைப் போட்டு விற்கிறபோது, கப்பலோடு கப்பல் மோதத்தான் ஆசை வரும். இத்தனைக்கும் 2019-இல் அதே ஐந்தாம் பதிப்புக்கு வந்த கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ் புத்தகத்தில் கப்பலுக்கு உடல், பாய், சுக்கான் என்று தனித்தனி ஹிட் பாயிண்ட்; கேப்டன், துணைக் கேப்டன், வைத்தியர், சமையல்காரர் என்று பதவிகள், ஒவ்வொரு பதவிக்கும் ஒரு வேலை. தண்ணீரில் ஓடுகிற கப்பலுக்கு இருந்தது வானத்தில் ஓடுகிற கப்பலுக்கு இல்லை.

பக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவருக்கு அது முக்கியம். 1989 பெட்டியில் 96 பக்கத்தில் இரண்டு புத்தகங்கள், மொத்தம் 192. புதியதும் 64 மூன்று தடவை, அதே 192. வேடிக்கையான ஒற்றுமை. ஆனால் பழையதன் 192-இல் பெரும்பகுதி விதியும் உலகமும்தான். புதியதில் அதற்கு 64 மட்டும். அந்த 64-க்குள்ளேயே பாத்திர இனங்கள், பதினாறு கப்பல்கள், ராக் ஆஃப் பிரால் என்ற விண்பாறை நகரம் எல்லாம் அடங்க வேண்டும். பிரால் அருமையான ஊர்: கடற்கொள்ளையர் உருவாக்கிய துறைமுகம், எல்லா இனமும் புழங்கும், சட்டத்தைவிடப் பணம் பேசும். ஆனால் வாசலில் நிற்க வைத்து எட்டிப் பார்க்க விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பழைய காலத்தில் ரெல்ம்ஸ்பேஸ், கிரேஸ்பேஸ், கிரின்ஸ்பேஸ் என்று ஒவ்வொரு சூரியக் குடும்பத்துக்கும் தனிப் புத்தகமே வந்தது. எபெரான் என்ற இன்னோர் உலகத்துக்கு 2019-இல் வந்த புத்தகம் 320 பக்கம், விலையும் இதைவிடக் குறைவு. 2023-இல் இதே மூன்று புத்தக வடிவில் பிளேன்ஸ்கேப் என்ற இன்னொரு பழைய உலகம் வந்தபோது இரண்டு புத்தகங்களை 96 பக்கமாக்கினார்கள். ஸ்பெல்ஜாமருக்குக் கேட்ட திட்டு பிளேன்ஸ்கேப்புக்கு உதவியது என்பது என் ஊகம்.

இனி பந்தியின் பக்கம். இங்கே குறை சொல்ல மனம் வரவில்லை. ஆறு பாத்திர இனங்கள், ஆறும் ஆடத் தூண்டுகிறவை. பிளாஸ்மாய்டு என்பது ஒரு கூழ் உயிரி. உடலிலும் கையிலும் ஒன்றும் இல்லாமல் இருந்தால் ஓர் அங்குல இடுக்கு வழியாக நுழைந்துவிடும். உங்கள் குழுவில் ஒருவர் நிச்சயம் அதைத்தான் எடுப்பார், எடுத்த அன்றே பூட்டிய கதவுகளுக்கெல்லாம் அர்த்தம் போய்விடும். ஆட்டோநோம் ஓர் இயந்திரக் குள்ளன். திரி-கிரீன் நான்கு கை உள்ள கும்பிடுபூச்சி மனிதன். கிஃப் என்பவர்கள் நீர்யானைத் தலையும் ராணுவ மிடுக்கும் துப்பாக்கிப் பைத்தியமும் உள்ளவர்கள். தங்கள் இனத்தின் பெயரைக் கிஃப் என்று சொல்வதா ஜிஃப் என்று சொல்வதா என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் மேசையில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

மிருகப் புத்தகம் மூன்றிலும் சிறந்தது. சூரிய டிராகன், சந்திர டிராகன், விண்வெளித் திமிங்கிலம், கொலைகாரக் கோமாளி, ரத்தக்காட்டேரிக் கடற்கொள்ளையன் என்று எல்லாம் உண்டு. அவ்வளவும் ஸ்பெல்ஜாமர் ஆடாவிட்டாலும் பயன்படும். ஓவியங்களும் உயர்ந்த தரம். புதியவர்களுக்கு இன்னொரு சந்தோஷமும் இருக்கிறது: 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டு தொடங்குவதே நாட்டிலாய்டு என்ற நத்தைக்கூடுக் கப்பலில்தான். அந்தக் கப்பலின் பூர்வீகம் ஸ்பெல்ஜாமர். உங்கள் ஆட்கள் அதை ஆடியிருந்தால் பெட்டியைத் திறந்ததும் கண் விரியும்.

ஹடோஸி விவகாரத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. தாவிப் பறக்கும் குரங்கு இனம் அது. புதிய பெட்டியில் அவர்களுக்கு ஒரு பூர்வகதை எழுதினார்கள்: ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவு வளர்த்து, அடிமைகளாக விற்கப் பார்த்தான் என்று. கறுப்பின மக்களைப் பற்றிய பழைய இழிவான சித்திரிப்புகளின் சாயல் கதையிலும் ஒரு படத்திலும் அப்பட்டமாக இருந்தது. பெட்டி வெளிவந்த மூன்று வாரத்துக்குள், 2022 செப்டம்பர் தொடக்கத்தில், பெட்டியை வெளியிட்ட விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. பழைய ஸ்பெல்ஜாமரின் ஹடோஸிக்கு அந்த அடிமைக் கதை கிடையாது. இல்லாததைச் சேர்த்துத்தான் மாட்டிக்கொண்டார்கள். முதல் அச்சில் வந்த பெட்டி கையில் கிடைத்தால், அந்தப் பத்தியை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

சாகசக் கதை லைட் ஆஃப் ஸாரிக்ஸிஸ். பாத்திரங்களின் ஐந்தாம் நிலையில் தொடங்கி எட்டில் முடியும். இறந்துகொண்டிருக்கும் தங்கள் சூரியனுக்கு உயிர் கொடுக்க, ஆஸ்ட்ரல் எல்ஃப்களின் பேரரசு உங்கள் உலகத்தின் உயிரை உறிஞ்சப் பார்க்கிறது. இதற்குமேல் சொல்ல மாட்டேன். பழைய வாரத் தொடர்ப் படங்கள் போல ஒவ்வொரு கட்டமும் "அடுத்து என்ன?" என்ற இடத்தில் முடியும். ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் தண்டவாளத்தில் ஓடுகிற ஓட்டம். அழைத்துப்போகிற இடத்துக்குத்தான் போக முடியும். கப்பல் ஒன்று கையில் கிடைத்தால் எந்தக் குழுவுக்கும் முதலில் தோன்றுவது "எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்பதுதான். இந்தக் கதை அதற்கு இடம் கொடுப்பதில்லை. நான் அதை அப்படியே நடத்தவில்லை, துண்டு துண்டாக எடுத்துப் பயன்படுத்தினேன்.

ஆக, வாங்கலாமா என்றால், தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். முழு விலை என்றால், நீங்களே விதி எழுதிக்கொள்ளும் பொறுமை இருந்தால் மட்டும். டிஎம்ஸ் கில்ட் என்ற இணையக் கடையில் ரசிகர்கள் எழுதிய கப்பல் விதிகள் நிறைய உண்டு, பழைய புத்தகங்களும் அங்கே பிடிஎஃப்பாகக் கிடைக்கும். நான் செய்துகொண்ட மாற்றங்கள் கொஞ்சம்தான். ஹெல்மில் உட்காருகிறவர் அன்றைக்குத் தன் மிக உயர்ந்த மந்திர ஸ்லாட் ஒன்றை, அதாவது ஒரு பெரிய மந்திரம் போடும் வாய்ப்பை இழப்பார். மொத்தமும் இழப்பது கொடுமை, ஒன்றுமே இழக்காதது உப்புச்சப்பில்லை. காற்று 120 நாளுக்குப் பதில் 20 நாள், அதிகப்படி ஆள் ஏறினால் அதிலும் பாதி. கப்பல் சண்டை மூன்று ரவுண்டுக்குமேல் போகாது. அதற்குள் யாராவது தாவியாக வேண்டும், இல்லையேல் யாராவது தப்பியாக வேண்டும். பாலிஸ்டாவைக் கூலி மாலுமிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டக்காரர் நால்வருக்கும் சால்ட்மார்ஷ் பாணியில் ஆளுக்கொரு பதவி, அந்தப் பதவிக்கு ரவுண்டுக்கு ஒரு வேலை. திருடனுக்குச் சமையல்காரர் பதவி கொடுத்தேன், கேவலமாகச் சமைத்தார், எல்லாருக்கும் அதுதான் பிடித்தது.

ராக் ஆஃப் பிராலை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். நான்கைந்து செஷன் அங்கேயே ஓட்டலாம்: கடன், துறைமுக வரி, கப்பல் பழுது, பழைய பகைவன் என்று எதையாவது போட்டால் போதும். முதல் செஷனிலேயே அடிபட்டு ஓட்டையான ஒரு ஸ்க்விட் ஷிப்பைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் அதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.